முதல் ஜப்பான் பயணம்: டோக்கியோவா, கியோட்டோவா, இரண்டுமா?

முதல்முறை ஜப்பான் போகிற குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஏழு இரவுகள்தான் வாய்க்கின்றன. அவற்றைப் பிரிப்பதற்கு வழக்கமான திட்டம் ஒன்று இருக்கிறது. டோக்கியோவில் இறங்கி மூன்று இரவு, ஃபுஜி மலை தெரியும் என்ற நம்பிக்கையில் ஹகோனேயில் ஒன்று, கியோட்டோவில் இரண்டு, ஒசாகாவில் ஒன்று, பிறகு அதிவேக ரயிலில் டோக்கியோவுக்கே திரும்பி விமானம். சுற்றுலா நிறுவனங்கள் ‘தங்கப் பாதை’ என்று விற்பது இதைத்தான்.

இதற்கு மாற்றாக இரண்டு வழிகள் உண்டு. ஒசாகாவை ஒட்டிய கான்சாய் விமான நிலையத்தில் இறங்கி, கியோட்டோ, நாரா, ஒசாகா அடங்கிய கான்சாய் வட்டாரத்தோடு நிறுத்திக்கொள்வது ஒன்று. டோக்கியோவிலேயே அறை எடுத்து, காமாகுரா, நிக்கோ போன்ற பக்கத்து ஊர்களுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவது இன்னொன்று. கையில் பத்து இரவு இருந்தால் நான்காவதாக ஒரு வழியும் திறக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கோயில், கோட்டை, தோட்டம், சடங்கு என்று பழைய ஜப்பானைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், ஏழு இரவுக்குக் கான்சாய் மட்டும் போதும். போதும் என்பதைவிட, அதுதான் சரி.

பகல் எத்தனை மணி நேரம்?

திட்டம் போடுகிறவர்கள் ஊர்களுக்கு இடையிலான தூரத்தைக் கணக்குப் பார்க்கிறார்கள். ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடுகிறது. இதில் என்ன இழப்பு என்று தோன்றும். ஆனால் பார்க்கவேண்டியது கோயில்கள் திறந்திருக்கும் நேரத்தை. கியோட்டோவின் பெரும்பாலான கோயில்கள் எட்டரை, ஒன்பது மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடிவிடுகின்றன. பல இடங்களில் நாலரைக்குமேல் உள்ளே விடமாட்டார்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும்.

இப்போது ஊர் மாறும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்து, பதினோரு மணிக்குள் அறையைக் காலி செய்யவேண்டும். ரயில் நிலையம், பயணம், அடுத்த ஊரில் விடுதியைத் தேடிப் பெட்டியை வைப்பது, மதியச் சாப்பாடு. அறை கையில் கிடைப்பது மூன்று மணிக்கு. கோயிலுக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். தங்கப் பாதையில் இப்படி மூன்று நாள்கள் போகின்றன: ஹகோனேக்குப் போகும் நாள், கியோட்டோவுக்குப் போகும் நாள், ஒசாகாவுக்குப் போகும் நாள். வந்து இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் கழித்தால் கையில் இருப்பதே ஆறு பகல். அதில் மூன்று பாதியாகிவிட்டால் மிச்சம் நாலரை. கியோட்டோவின் பங்குக்கு வருவது ஒன்றரைப் பகல். 794 முதல் 1868 வரை தலைநகராக இருந்த ஊருக்கு அது எந்த மூலைக்கும் காணாது.

கான்சாய்க்குள் இந்த இழப்பு இல்லை. ஒசாகா நிலையத்திலிருந்து கியோட்டோவுக்கு ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) சிறப்பு விரைவு ரயிலில் அரைமணி, கட்டணம் 580 யென். நாராவுக்குச் சுமார் ஐம்பது நிமிடம், ஹிமேஜிக்கு ஒரு மணி. பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டு, ஆறரைக்குக் கிளம்பலாம்.

பணக் கணக்கு

ஷின்கான்சென்னில் மிக வேகமான நோசோமி ரயிலில் டோக்கியோ–கியோட்டோ ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென். போய்வர ஆளுக்கு 28,000. ஆறு முதல் பதினொரு வயதுக் குழந்தைகளுக்குப் பாதி. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு ‘நாடு முழுக்கச் செல்லும் ஜேஆர் பாஸ் வாங்கினால் மிச்சம்’ என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். அந்தக் காலம் 2023 அக்டோபரோடு முடிந்தது. ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து ஒரேயடியாக 50,000 யென்னுக்கு ஏறியது. நோசோமியில் ஏற அதற்குமேலும் கூடுதல் கட்டணம் உண்டு. டோக்கியோ–கியோட்டோ போய்வர மட்டும் அதை வாங்கினால் நேரடி நஷ்டம்தான்.

கான்சாய் மட்டும் என்றால் எந்த நாடுதழுவிய பாஸும் வேண்டாம். விமான நிலையத்திலேயே இக்கோகா என்னும் ஐசி கார்டை வாங்கிக்கொள்ளுங்கள். 500 யென் முன்பணம். ரயில், பேருந்து, கடை எல்லாவற்றுக்கும் தட்டினால் போதும். அதை வைத்து ஷின்கான்சென்னில் மட்டும் அப்படியே ஏறமுடியாது. ஆளுக்கு ஒரு கார்டு கட்டாயம். ஒரே கார்டைத் தட்டி இருவர் நுழையமுடியாது.

ஒரு பாஸ் மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கத் தகுந்தது. ஹிரோஷிமாவையும் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கான ஜேஆர் வெஸ்ட்டின் கான்சாய்–ஹிரோஷிமா பாஸ், ஐந்து நாளுக்கு 17,000 யென். ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா போய்வரவே 20,000 யென்னைத் தாண்டும். இந்தப் பாஸில் மியாஜிமா தீவுக்கான ஜேஆர் படகும், ஹிமேஜியும், விமான நிலையத்து ஹாருகா ரயிலும் அடங்கும். கவனிக்கவேண்டியது ஒன்று: கியோட்டோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் இடையே ஷின்கான்சென்னில் இது செல்லாது. கியோட்டோவில் தங்கியிருப்பவர்கள் ஷின்-ஒசாகா வரை சாதாரண ரயிலில் வந்து மாறவேண்டும். தெரியாமல் கியோட்டோவிலேயே ஷின்கான்சென் ஏறினால் அந்தத் துண்டுக்குத் தனியாகப் பணம் கட்டவேண்டிவரும்.

எது பழையது, எது மீண்டும் கட்டியது

டோக்கியோவைக் குறைத்துச் சொல்வது நோக்கமல்ல. ஆனால் 1923 செப்டம்பரில் வந்த பெரும் நிலநடுக்கமும் 1945-இன் குண்டுவீச்சும் அந்த ஊரின் பழைய கட்டடங்களில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. அசகுசாவின் சென்சோஜி, தோற்றக் கதைப்படி 628-ஆம் ஆண்டைச் சேர்ந்த கோயில். இன்று நாம் பார்க்கும் மூல மண்டபம் 1958-இல் எழுந்தது. மெய்ஜி ஆலயமும் 1945-இல் எரிந்து 1958-இல் திரும்பக் கட்டப்பட்டதுதான். கியோட்டோவோ அணுகுண்டுக்கான இலக்குப் பட்டியலில் இருந்து, அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சனின் பிடிவாதத்தால் நீக்கப்பட்ட ஊர்.

அதற்காகக் கான்சாயில் எல்லாமே பழையது என்று நினைத்துவிடவும் கூடாது. தங்க மண்டபமான கின்காகுஜி 1950-இல் ஓர் இளம் துறவி வைத்த தீயில் எரிந்துபோய், 1955-இல் மீண்டும் எழுந்தது. ஒசாகா கோட்டை 1931-இல் கான்கிரீட்டில் கட்டியது. உள்ளே லிஃப்ட் இருக்கிறது. கோட்டை பார்க்க ஒரு பகல்தான் உண்டு என்றால் ஒசாகா கோட்டையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, ஹிமேஜிக்குப் போங்கள். 1609-இல் முடிந்த மரக்கோட்டை அது; சுற்றிலும் ஊர் எரிந்த 1945-இலும் தப்பி நின்றது. 2026 மார்ச் முதல் வெளியூர்க்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் 2,500 யென் ஆகியிருக்கிறது. அந்த விலைக்கும் தகும். உள்ளே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு, செங்குத்தான மரப்படிகளில் ஏறவேண்டும். காலுறை இல்லாமல் குளிர்காலத்தில் போனால் பாதம் மரத்துவிடும்.

நாராவில் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்துவைத்தவர் இந்தியாவிலிருந்து போன துறவி போதிசேனர். சிலை சுமார் 15 மீட்டர். இப்போதைய மண்டபம் 1709-ஐச் சேர்ந்தது, முதல் மண்டபத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். அதுவே நம்மைத் திகைக்க வைக்கிறது. நாராவுக்கு ஜேஆர், கிந்தெட்சு என்று இரண்டு ரயில்கள் போகின்றன. கிந்தெட்சு-நாரா நிலையம்தான் பூங்காவுக்குப் பக்கம். மான்களுக்கு அங்கே விற்கும் பிஸ்கட்டைத் தவிர வேறெதுவும் கொடுக்கக்கூடாது. பிஸ்கட்டைக் காட்டிக்காட்டி இழுத்தடித்தால் கடிக்கும். தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினால் விலகிப்போகும். கையில் வரைபடம், டிக்கெட் என்று எந்தக் காகிதம் இருந்தாலும் மெல்லும்.

நாராவிலிருந்து ஜேஆரில் பன்னிரண்டு நிமிடத்தில் ஹோர்யுஜி கோயில். உலகில் இன்றும் நிற்கும் மிகப் பழைய மரக் கட்டடங்கள் அங்கேதான் இருக்கின்றன. கூட்டமும் குறைவு. தங்கப் பாதைத் திட்டங்களில் இது ஏறக்குறைய எப்போதும் விடுபட்டுப்போகிறது; நாராவுக்கு அரைநாள்தான் ஒதுக்குகிறார்கள் என்பதே காரணம்.

கியோட்டோவில் எங்கே சறுக்கும்

கியோட்டோவைப் பார்த்தவர்களில் பலர் ‘கூட்டம்தான் நினைவிருக்கிறது’ என்பார்கள். பத்து மணிக்குமேல் புகழ்பெற்ற இடங்களுக்குப் போனால் அப்படித்தான். கியோமிசு கோயில் காலை ஆறு மணிக்கே திறக்கிறது. 1633-இல் கட்டிய, சுமார் 13 மீட்டர் உயர மரமேடையில் ஆறரைக்கு நின்றால் ஊர் உங்களுடையது. அங்கிருந்து சன்னென்சாகா படித்தெருவில் இறங்கி யாசகா ஆலயம் வரை நடந்துவிடலாம். ஃபுஷிமி இனாரி ஆலயத்துக்குக் கதவே கிடையாது, கட்டணமும் இல்லை. விடியற்காலையிலோ அந்திக்குப் பிறகோ போவது உத்தமம். ஜேஆர் நாரா தடத்தில் இரண்டாவது நிலையம் அது. ஆனால் விரைவு ரயில் அங்கே நிற்காது. ‘லோக்கல்’ என்று போட்ட வண்டியில் ஏறவேண்டும். சிவப்பு வாயில்களின் வரிசை தொடக்கத்தில் நெருக்கமாக இருக்கும், கூட்டமும் அங்கேதான். பாதி மலை ஏறினால் முக்கால்வாசிப் பேர் திரும்பியிருப்பார்கள். உச்சி 233 மீட்டர்தான். முழுச் சுற்றுக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம்.

பேருந்துதான் கியோட்டோவின் பெரிய சிக்கல். ரயில் நிலையத்திலிருந்து கின்காகுஜிக்கு நேர்ப் பேருந்து இருக்கிறது என்று ஏறினால், நின்றபடி நாற்பது நிமிடத்துக்குமேல் ஆகும். சுரங்க ரயிலில் கிதாஓஜி வரை போய், அங்கிருந்து பத்து நிமிடம் பேருந்து பிடியுங்கள். பேருந்துக்கு மட்டுமான ஒருநாள் சீட்டை நகராட்சி நிறுத்திவிட்டது. சுரங்க ரயிலும் பேருந்தும் சேர்ந்த 1,100 யென் சீட்டுதான் இப்போது. கின்காகுஜியிலிருந்து இருபது நிமிட நடையில் ரியோஆன்ஜி கோயிலின் கல் தோட்டம். வெள்ளைச் சரளையில் பதினைந்து கற்கள். எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒன்றாவது மறைந்திருக்கும். அங்கே அரைமணி சும்மா உட்கார நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் படம் எடுத்துக் கிளம்பினால் வெறும் கல்லைத்தான் பார்த்திருப்பீர்கள்.

நம்மவர்கள் தவறவிடக்கூடாத இடம் சன்ஜூசன்கென்தோ கோயில். 120 மீட்டர் நீள மண்டபத்தில் கருணையின் போதிசத்துவரான கன்னோனின் 1,001 சிலைகள். அவற்றுக்குக் காவலாக முன்னே நிற்கும் 28 தெய்வங்களில் பிரம்மாவும் இந்திரனும் நாராயணனும் கருடனும் இருக்கிறார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால்தான் இணையத்தில் அதிகம் கண்ணில் படுவதில்லை.

கியோன் பகுதியில் கெய்ஷாக்களைத் துரத்திப் படம் எடுத்தவர்களால் 2024 முதல் தனியார் சந்துகளில் நுழையத் தடை வந்திருக்கிறது. மீறினால் 10,000 யென் அபராதம். பொதுத்தெருவான ஹனமிகோஜியில் நடக்கலாம். தங்கும் வரியையும் கியோட்டோ 2026 மார்ச்சில் உயர்த்தியது. இரவுக்கு ஆளுக்கு 6,000 முதல் 19,999 யென் வரையிலான அறைக்கு 400 யென். 20,000-ஐத் தொட்டால் 1,000. சில முன்பதிவுத் தளங்களின் மொத்த விலையில் இது சேராது, விடுதியில் தனியாக வாங்குவார்கள்.

ரியோகானா, கோயில் விடுதியா

பாய் விரித்த அறை, வெந்நீர்க் குளியல், பல சிறு தட்டுகளில் இரவு உணவு என்று ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதியில் ஓர் இரவை எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் தாராளமாகப் போகலாம். சைவர்களுக்கு அது பணம் போட்டுப் பசியோடு படுக்கும் இரவாகிவிடக்கூடும். ஜப்பானியச் சமையலின் அடிப்படை நீரான தாஷி பெரும்பாலும் கட்சுவோ மீனில் காய்ச்சியது. காய்கறி வேகவைத்ததிலும், மிசோ சூப்பிலும், சோபா, உதோன் நூடுல்ஸ் குழம்பிலும் அது இருக்கும். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள். “நிகு மோ சகானா மோ தபேமாசென், கட்சுவோ தாஷி மோ தபேமாசென்” (இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன், கட்சுவோ தாஷியும் சாப்பிடமாட்டேன்) என்று எழுதிக் காட்டவேண்டும். அதையும் முன்பதிவின்போதே தெரிவிக்கவேண்டும். அன்றைக்குப் போய்க் கேட்டால் ரியோகான் சமையலறையால் மாற்றித் தரமுடியாது.

சைவக் குடும்பத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பது கோயாசான். 816-இல் கூகாய் என்ற துறவி நிறுவிய, ஷிங்கோன் என்னும் பௌத்தப் பிரிவின் மலைநகரம், சுமார் 800 மீட்டர் உயரத்தில். ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் பயணிகளுக்கு அறை தருகின்றன. உணவு ஷோஜின் ரியோரி: இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. எள் தோஃபு, உறையவைத்து உலர்த்திய கோயா தோஃபு, காளானிலும் கடற்பாசியிலும் எடுத்த சாறு. ஜப்பானில் ‘இதில் என்ன இருக்கிறது’ என்று கேட்காமல் சாப்பிடக்கூடிய மிகச் சில இடங்களில் இது ஒன்று. ஆளுக்கு இரண்டு வேளை உணவோடு 10,000 யென்னுக்கு மேல் ஆகும். சில கோயில்களில் ரொக்கம்தான்.

ஒசாகாவின் நம்பாவிலிருந்து நன்காய் ரயிலில் கோகுராகுபாஷி, அங்கிருந்து மலை ஏறும் கேபிள் வண்டி, பிறகு பேருந்து. மொத்தம் இரண்டு மணி நேரம். கேபிள் நிலையத்திலிருந்து ஊருக்கு நடந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அந்தச் சாலை பேருந்துக்கு மட்டுமானது. ஐந்து மணிக்குள் கோயிலை அடைந்துவிடவேண்டும். இரவு உணவு ஐந்தரை, ஆறுக்கே வந்துவிடும். விடிகாலை வழிபாட்டில் கலந்துகொள்ளலாம், சில கோயில்களில் தீ வளர்த்து ஹோமமும் நடக்கும். ஒகுனோஇன் கல்லறைக் காட்டில் இரண்டு கிலோமீட்டர் தேவதாரு நிழலில் நடந்தால் கூகாயின் ஜீவசமாதி. அவர் இன்னும் தியானத்தில் இருப்பதாக நம்பி, நாளுக்கு இரண்டு வேளை இன்றும் உணவு எடுத்துப் போகிறார்கள்.

அப்படியானால் டோக்கியோ யாருக்கு?

ஃபுஜி மலையைப் பார்ப்பதுதான் முதல் ஆசை என்பவர்களுக்கு. கான்சாயிலிருந்து அது தெரியாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, காலையில், தெரிய வாய்ப்பு அதிகம். கோடையில் நாள்முழுக்க மேகம் மூடியிருக்கலாம். சுமோ பார்க்க விரும்புகிறவர்களுக்கு. ஜனவரி, மே, செப்டம்பர் போட்டிகள் டோக்கியோவின் ரியோகோகுவில் பதினைந்து நாள் நடக்கின்றன. மார்ச் என்றால் அதே போட்டி ஒசாகாவில். கபுகி நாடகத்துக்கு கின்சாவின் கபுகிசாவில் ஒரே ஓர் அங்கத்துக்கும் சீட்டு வாங்கலாம், முதல்முறைக்கு அது போதும். உவேனோவின் தேசிய அருங்காட்சியகம், காமாகுராவில் மண்டபத்தை இழந்து திறந்தவெளியில் அமர்ந்திருக்கும் வெண்கலப் புத்தர், 1636-இல் இப்போதைய உருவம் பெற்ற நிக்கோவின் தோஷோகு ஆலயம் எல்லாம் டோக்கியோ தரும் செல்வங்கள். இந்திய உணவகங்களும் அங்கேதான் அதிகம். நவீன ஜப்பான் உங்கள் ஆர்வம் என்றால் டோக்கியோவைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் அப்போது கியோட்டோவுக்கு ஒரு நாள் ஓடிப்போய் வரும் யோசனையை விட்டுவிடுங்கள்.

பத்து இரவோ அதற்கு மேலோ கிடைத்தால் இரண்டையும் சேர்க்கலாம். கான்சாயில் இறங்கி டோக்கியோவில் ஏறும்படி டிக்கெட் போடுவது முக்கியம். சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியே வருகிறவர்களுக்கு இரண்டு ஊருக்கும் விமானங்கள் உண்டு. திரும்பிவரும் ரயில் செலவும் அரைநாளும் மிஞ்சும். ரயிலில் பெட்டியின் நீளம், அகலம், உயரம் சேர்ந்து 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதற்கான இருக்கையை முன்பதிவு செய்யவேண்டும், இல்லாவிட்டால் 1,000 யென் தண்டம். பெட்டியை விடுதியிலிருந்தே அடுத்த விடுதிக்கு தக்யூபின் சேவையில் அனுப்பிவிட்டால் மறுநாள் போய்ச்சேரும். ஓர் இரவுக்கான துணியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது, என்னென்ன

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை தொடங்கும் ஏப்ரல் கடைசியில்தான் ஜப்பானின் பொன்வார விடுமுறையும் வருகிறது, மே 5 வரை. ரயிலும் விடுதியும் நிரம்பிவழியும். மே 8-க்குமேல் போனால் கூட்டமும் குறையும், மழைக்காலமும் தொடங்கியிருக்காது. சிங்கப்பூரின் ஜூன் விடுமுறை மழைக்காலத்தோடு மோதுகிறது; டிசம்பர் விடுமுறையின் முதல் பாதி நல்லது. டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை அருங்காட்சியகங்களும் பல கடைகளும் மூடியிருக்கும்.

இந்தியர்களும் இலங்கையர்களும் விசா எடுக்கவேண்டும். விண்ணப்பத்தில் நாள்வாரித் திட்டம் கேட்பார்கள், ஆகவே எந்த ஊர் என்ற முடிவை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரு முள் பிளக். கைபேசி சார்ஜர் வேலை செய்யும். நம் ஊர்க் கெட்டிலும் குக்கரும் சூடேறாது, தூக்கிச் சுமக்கவேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும், சூடோஎபெட்ரின் அதிகமுள்ள சளி மாத்திரைக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. முன்கூட்டியே தூதரகத் தளத்தில் சரிபாருங்கள். ரொக்கத்துக்கு செவன்-இலெவன் கடைகளின் ஏடிஎம் நம்பகமானது.

வயதான பெற்றோர் உடன் வந்தால் கான்சாய்த் திட்டத்திலேயே சில மாற்றங்கள் வேண்டும். ஹிமேஜியின் உள்படிகளும் இனாரி மலையின் மேல்பாதியும் அவர்களுக்கு ஆகாது. தோதாய்ஜியும் சன்ஜூசன்கென்தோவும் சமதளம். கோயாசானில் தரையில்தான் உட்காரவும் படுக்கவும் வேண்டும், குளியலறை பெரும்பாலும் பொது, குளிர்காலத்தில் நடைவழி உறையும். நாற்காலி வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்டால் சில கோயில்கள் தருகின்றன. அதுவும் சரிப்படாது என்றால், அந்த ஓர் இரவையும் கியோட்டோவிலேயே, நிலையத்துக்குப் பக்கத்தில் லிஃப்ட் உள்ள விடுதியில் போட்டு, கோயிலுக்குள் இருக்கும் ஷோஜின் உணவகம் ஒன்றில் மதியச் சாப்பாட்டை முன்பதிவு செய்துவிடுங்கள்.